கைப் பார்சல் பட்டியலில் இல்லாத உறை

“என் கவர் வந்திருச்சிங்களாண்ணே?” என்று கேட்டுக்கொண்டே அந்தப் பெண் மாடிப்படி ஏறி வந்தார். அப்போது மணி பன்னிரண்டரை. கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு, அதில் சான்றிதழ்களின் நகல்கள். மூலச் சான்றிதழ்கள் எங்கள் மூலமாக வரவேண்டியிருந்தன. மாலை நான்கு மணிக்குள் அவற்றை ஓர் அரசு அலுவலகத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் செவிலியர் பணிக்கான பட்டியலில் அவருக்கு அடுத்து இருப்பவரை அழைத்துவிடுவார்கள். அழைப்புக் கடிதத்தின் கடைசி வரி அதைத்தான் சொன்னது. அந்த வரிக்குக் கீழே அவர் பேனாவால் இரண்டு முறை கோடு போட்டிருந்தார்.

அவர் நிக்கோபாரின் கச்சால் தீவைச் சேர்ந்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து, ரப்பர் தோட்ட வேலைக்காக அங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பம். சேலத்தில் செவிலியர் படிப்பு முடித்துத் திரும்பியிருந்தார். கல்லூரி மூலச் சான்றிதழ்களைத் தாமதமாகத்தான் கொடுத்தது. உடன் படித்த தோழி வாங்கி, எங்கள் சென்னைக் கிளையில் சேர்த்திருந்தார்.

எங்கள் அலுவலகம் அந்தமானில், போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் இருக்கிறது. உரிமையாளர் தூத்துக்குடிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. சென்னையிலிருந்து பார்சல் வர மூன்று வழிகள் உண்டு: கப்பல், விமானச் சரக்கு, கை. மூன்றாவதுதான் இந்தத் தீவுகளின் வழக்கம். கப்பல் கிளம்பவில்லை, அல்லது எடை அதிகமென்று விமானத்திலிருந்து சரக்கை இறக்கிவிட்டார்கள் என்றால், எங்கள் சென்னை ஊழியர் விடியற்காலையில் விமான நிலையத்துக்குப் போவார். வரிசையில் நிற்பவர்களிடம், போர்ட் பிளேருக்குத்தானே, இதைக் கொஞ்சம் கொண்டுபோக முடியுமா என்று கேட்பார். உறையை முன்னாலேயே ஒட்டமாட்டோம். கொண்டுபோகிறவர் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்த பிறகுதான் ஸ்டேப்ளர் அடிப்பது. அவருடைய பெயர், தொலைபேசி எண், விமான எண் மூன்றையும் ஊழியர் கணினியில் ஏற்றுவார். இங்கே காலை பத்து மணிக்கு அண்ணாச்சி கைப் பார்சல் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு லம்பா லைன் என்ற பகுதி வழியாக விமான நிலையம் போய் வாசலில் நிற்பார். மெயின்லேண்டிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். வந்த முதல் வருடம் நானும் வியந்தேன். இரண்டாம் வருடம் என் மனைவியின் மூக்குக் கண்ணாடி அப்படித்தான் வந்து சேர்ந்தது.

நான் மதுரையில் ஒரு நாளிதழில் பதினோரு வருடம் துணையாசிரியராக இருந்தவன். மனைவிக்கு இங்கே மாற்றலானபோது வேலையை விட்டுவிட்டு வந்து, நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். அண்ணாச்சியின் பார்சல் மென்பொருளை நான்தான் எழுதினேன், நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பேப்பர்காரரே என்றுதான் கூப்பிடுவார்.

“இன்னிக்கு லிஸ்ட்ல ரெண்டே ரெண்டு பார்சல். ரெண்டையும் வாங்கியாச்சு. கவர்னு எதுவும் இல்லியே தாயி,” என்றார் அண்ணாச்சி.

“இன்னிக்கு காலையில ஆள் கையில குடுத்து விட்டுட்டோம்னு சென்னையில சொன்னாங்களேங்க.”

சென்னை ஊழியரை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டேன். அவர் தெளிவாகவே சொன்னார். “ஆமா சார். முந்தாநாள் ஏர் கார்கோவுல புக் பண்ணது. எடை ஜாஸ்தின்னு இறக்கிட்டாங்க. காலைல நானே போய் ஒரு பேசஞ்சர்கிட்ட குடுத்தேன். உங்க புது பட்டனத்தான் அமுக்குனேன். என் ஸ்கிரீன்ல கைன்னுதான் காட்டுது.”

அவருடைய திரையில் இருக்கிறது, எங்கள் பட்டியலில் இல்லை. புது பட்டன் என்று அவர் சொன்னது, பார்சலின் வகையை மாற்றும் பட்டன். இரண்டு வாரத்துக்கு முன் நான் எழுதியது அது.

அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அவர் உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரான நாற்காலி அது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. வேறிடத்தில் உட்காரச் சொல்லலாமா என்று யோசித்தேன். அப்படிச் சொன்னால் இன்னும் பயப்படுவார் என்று விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் மென்பொருளின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்சல் என்று ஒரு பொது வகுப்பு; நிரலில் வகுப்பு என்பது ஒரே மாதிரிப் பொருள்களுக்கான அச்சு. எண், வாங்குபவர், உள்ளே என்ன இருக்கிறது, என்ன வகை ஆகியவை அதில் அடங்கும். அதன் கீழே மூன்று பிள்ளை வகுப்புகள். கப்பல் பார்சலுக்குக் கப்பல் ரசீது எண், விமானப் பார்சலுக்குச் சரக்கு எண், கைப் பார்சலுக்குக் கொண்டுவருபவரின் பெயர், தொலைபேசி, விமான எண். தரவுத்தளத்தில் இவை நான்கு தனி அட்டவணைகள். ஒரு பார்சலின் பாதி விவரம் தாய் அட்டவணையிலும் மீதி பிள்ளை அட்டவணையிலும் இருக்கும். இரண்டையும் சேர்த்துவைப்பது பார்சல் எண். நிரலில் வகுப்பாக எழுதியதை அட்டவணைகளில் பிரித்துப் போட்டு, கேட்கும்போது சேர்த்து எடுத்துத் தருகிற வேலையை ஓஆர்எம் என்ற நூலகம் செய்கிறது. எப்படிச் சேர்க்கிறது என்று சாதாரணமாக நாம் பார்ப்பதில்லை.

அன்று பார்த்தேன். பட்டியல் எடுக்கும்போது ஓஆர்எம் தரவுத்தளத்துக்கு அனுப்பும் வினவலைத் திரையில் அச்சிடச் செய்தேன். பார்சல் அட்டவணையையும் கை அட்டவணையையும் அது இன்னர் ஜாயினால் இணைத்திருந்தது. ஒரே எண் இரண்டிலும் இருந்தால்தான் அந்த வரி பட்டியலுக்கு வரும். ஒன்றில் இல்லாவிட்டால் வரியும் இல்லை, பிழைச்செய்தியும் இல்லை. பத்திரிகையில் ஒரு செய்தி விட்டுப்போனால் பக்கத்தில் இடம் வெள்ளையாக நிற்கும், யாராவது கத்துவார்கள். இங்கே அந்த இடமே மூடிக்கொண்டுவிடும்.

ஜாயின் எதுவும் போடாமல் தாய் அட்டவணையை மட்டும் திறந்தேன். அந்தப் பெண்ணின் பெயர், ‘மூலச் சான்றிதழ்கள், ஏழு’, வகை: கை. எல்லாம் இருந்தன. சென்னைத் திரை இந்த ஓர் அட்டவணையை மட்டும் படிப்பது. கை அட்டவணையில் அதே எண்ணைத் தேடினேன். இல்லை.

பட்டியலில் இன்னர் ஜாயினை லெஃப்ட் ஜாயினாக மாற்றினேன். மறுபாதி இல்லாவிட்டாலும் இருக்கிற பாதியை அது காட்டும். அவருடைய வரி பட்டியலில் வந்து நின்றது.

அண்ணாச்சி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, “வந்துட்டுல்லா! இதுக்குத்தான் பேப்பர்காரர் வேணுங்கது,” என்றார்.

அந்தப் பெண் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். தன் பெயரைப் படித்தார். அதற்கடுத்த மூன்று கட்டங்களையும் பார்த்தார்.

“அப்ப, யாரு கையில இருக்குங்க?”

கொண்டுவருபவர் பெயர், தொலைபேசி, விமான எண் மூன்றும் காலியாக இருந்தன. மணி ஒன்று பத்து.

அடுத்த இருபது நிமிடத்தைத் தவறான இடத்தில் செலவழித்தேன். சென்னையில் பட்டனை அமுக்கியபோது இணையம் அறுந்திருக்கும், முதல் பாதி ஏறி இரண்டாம் பாதி ஏறாமல் போயிருக்கும் என்று நினைத்தேன். இந்தத் தீவில் எதற்கும் முதலில் இணையத்தைத்தான் சந்தேகிப்போம். சர்வரின் பதிவுகளை வரிவரியாகப் பார்த்தேன். அந்த நேரத்தில் எந்தத் தடையும் இல்லை. எல்லாம் நல்லபடியாகச் சேமிக்கப்பட்டதாகவே பதிவாகியிருந்தது.

இதற்குள் அண்ணாச்சி சென்னையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். “நம்பரைத் துண்டுச்சீட்டுல குறிச்சியா?”

“போன்ல நேரா ஏத்திட்டேன் அண்ணாச்சி. சீட்டு இல்ல.”

“ஆளு எப்படி இருப்பான்?”

“கட்டம் போட்ட சட்டை. நல்ல மாதிரியா தெரிஞ்சாரு.”

“ஏல, ப்ளேன்ல பாதிப் பேரு கட்டம் போட்ட சட்டைதாம்ல! மீதிப் பேரு கோடு போட்டது. நான் யார்னு போய்த் தேட?” என்று கத்தியவர், சட்டென்று நிறுத்தினார். போனைக் காதிலிருந்து எடுத்தார். “பேப்பர்காரரே, காலையில ஒருத்தன் நின்னான்வே. பேர் எழுதின கவரை ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. ஏதோ ஓட்டல்காரன் கெஸ்ட்டுக்கு நிக்கான்னு நெனச்சேன். பக்கத்துலயே நின்னேன்.”

அந்தப் பெண், “கவரு பிரவுனுங்களா?” என்று கேட்டார். அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

நான் பட்டனின் நிரலைத் திறந்தேன். அதைத்தான் முதலில் திறந்திருக்க வேண்டும். பிறர் எழுதியதில் பிழை தேடும் வேகம் நாம் எழுதியதில் தேடும்போது வருவதில்லை.

அந்தப் பட்டன் வந்த கதை இது. வகுப்புகளை வைத்து நிரல் எழுதுகிறவர்களின் உலகத்தில், கப்பல் பார்சலாகப் பிறந்தது கடைசிவரை கப்பல் பார்சல்தான். ஒரு பொருள் பாதி வழியில் தன் வகுப்பை மாற்றிக்கொள்வதற்கு ஓஆர்எம்மில் நேரான வழி கிடையாது. எங்கள் பார்சல்களோ பாதி வழியில்தான் மாறும். கப்பல் ரத்தானால் கை, கையில் அடங்காவிட்டால் மறுபடி கப்பல். முன்பெல்லாம் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவோம். “ஒரே அமுக்குல மாறணும்வே,” என்று அண்ணாச்சி கேட்டார், நான் எழுதிக் கொடுத்தேன். பழைய வரியில் வகையை ‘கை’ என்று மாற்று; பிறகு கைப் பார்சல் வகுப்பில் ஒன்றை உருவாக்கி, கொண்டுவருபவரின் விவரங்களைப் போட்டுச் சேமி. இரண்டே படிகள்.

இரண்டாவது படியில் பழைய பார்சலின் எண்ணை நான் கொடுக்கவில்லை.

எண் இல்லாமல் ஒரு கைப் பார்சலைச் சேமிக்கச் சொன்னால் ஓஆர்எம் என்ன செய்யும் என்று யோசித்துப் பார்த்தேன். அது புதுப் பார்சல் என்று எடுத்துக்கொள்ளும். தாய் அட்டவணையில் புதிதாக ஒரு வரி போடும், புது எண் வாங்கும், அந்த எண்ணின் கீழ் பிள்ளை வரியை எழுதும். புதுத் தாய் வரியில் வாங்குபவருக்கான கட்டம் காலியாக இருக்கும். பட்டியல், வாங்குபவர்களின் பெயரும் எண்ணும் உள்ள இன்னோர் அட்டவணையோடும் இன்னர் ஜாயின் ஆகிறது. ஆகவே அந்த வரியும் விழுந்துவிடும். இந்தப் பட்டனைச் சோதித்த அன்று நான் பார்த்தது சென்னைத் திரையை மட்டும். ‘கை’ என்று மாறியிருந்தது. போதும் என்று எழுந்துவிட்டேன்.

இது ஊகம்தான். உண்மையானால் கை அட்டவணையின் அடியில் ஒரு வரி இருக்க வேண்டும். எந்த ஜாயினும் இல்லாமல் அந்த அட்டவணையை மட்டும் கடைசியிலிருந்து திறந்தேன்.

இருந்தது. ஓர் ஆணின் பெயர், பத்து இலக்க எண், காலை விமானம். அந்த வரி கணினியில் ஏறிய நேரம் அதிகாலை ஐந்து ஐம்பது. அந்தப் பெண்ணின் பழைய வரி மாற்றப்பட்ட நேரமும் ஐந்து ஐம்பது. அந்த ஒரு மணி நேரத்தில் வேறு வகை மாற்றம் எதுவும் நடக்கவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகே எண்ணை உரக்கச் சொன்னேன். வேறொருவரின் எண்ணைக் கொடுத்து அந்தப் பெண்ணை இன்னொரு முறை எழவைக்க எனக்குத் தைரியமில்லை.

என் போனிலிருந்து அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் அதே குரல். அண்ணாச்சி வேறு நிறுவனத்தின் சிம் உள்ள தன் போனில் அடித்தார். ஐந்தாவது முயற்சியில் மணி போனது. அப்போது இரண்டு பத்து.

“எங்கிட்டதான் சார் இருக்கு,” என்றது குரல். “ஏர்போர்ட்ல அரை மணி நேரம் தூக்கிப் பிடிச்சிட்டு நின்னேன். ஒரு பெரியவரு பக்கத்துல நின்னு என்னயே பாத்துட்டுப் போனாரு, அவரும் கேக்கல. கவர்ல இருக்கிற நம்பருக்கு எத்தன தடவ அடிக்கிறது? ஸ்விட்ச் ஆஃப்.”

“சேலத்து சிம்முங்க,” என்றார் அந்தப் பெண் மெல்ல. “கச்சால்ல எடுக்காதுன்னு தூக்கிப் போட்டுட்டேன்.”

அந்த மனிதர் வெல்டர். ஹேடோவில் துறைமுக வேலைக்கு வந்திருக்கிறார். அப்போது கப்பல்கள் நிற்கும் வார்ஃபுக்கு உள்ளே இருந்தார். உறை, அவர் தங்கியிருந்த ஊழியர் குடியிருப்பில் நண்பரின் வீட்டில் இருந்தது. போன் செய்து சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

என் ஸ்கூட்டரில் இருவரும் கிளம்பினோம். மழை பிடித்துக்கொண்டது. குடியிருப்பில் மூன்று கட்டடங்கள் ஒன்றுபோல் இருந்தன. தவறான மாடியில் ஒரு முறை ஏறி இறங்கினோம். சரியான கதவைத் திறந்தவர் ஒரு தெலுங்குப் பெண்மணி. உறையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

“ருக்கோ, ருக்கோ. பெஹ்லே போட்டோ தேக்னா ஹை,” என்றார் இந்தியில்: பொறுங்கள், முதலில் படத்தைப் பார்க்க வேண்டும். படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று வெல்டர் சொல்லியிருந்தாராம். ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி எடுத்தார். சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஐந்தாவதில் புகைப்படம் இருந்தது. அதையும் மழையில் நனைந்து நின்ற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பால் தோ அலக் ஹை.” முடி வேறு மாதிரி இருக்கிறதாம்.

“வெட்டிட்டேன் தீதி. ஹாஸ்டல்ல பேன் தொல்லை,” என்று, அக்கா என்பதை மட்டும் இந்தியிலும் மீதியைத் தமிழிலும் சொல்லிவிட்டு, தலையை இரண்டு கைகளாலும் சொறிந்து காட்டினார். பெண்மணி சிரித்துவிட்டார். உறை கைமாறியது. நான் மணி பார்த்தேன். மூன்று பதினெட்டு.

அரசு அலுவலகத்தை அடைந்தபோது மூன்று முப்பத்தைந்து. அவர் உள்ளே ஓடினார். நான் வாசல் கூரைக்குக் கீழே நின்றேன். பத்திரிகையில் இருந்தபோது இப்படிப் பல வாசல்களில் நின்றிருக்கிறேன், தீர்ப்புக்கு, தேர்வு முடிவுக்கு. அப்போதெல்லாம் உள்ளே எது நடந்தாலும் எனக்கு ஒரு செய்தி கிடைக்கும். அன்று அப்படியில்லை. மூன்று ஐம்பதுக்கு ஓர் ஊழியர் வந்து கதவின் ஒரு பாதியைச் சாத்தினார். மூன்று ஐம்பத்தேழுக்கு அந்தப் பெண் அடுத்த பாதி வழியாக வெளியே வந்தார்.

“வாங்கிக்கிட்டாங்கண்ணே. படா பாபு சீல் போட்டு சீட்டு குடுத்திருக்காரு.” அந்தச் சீட்டை மழை படாமல் காட்டினார். படா பாபு என்றால் தலைமை எழுத்தர்.

அப்போதுதான் சொன்னேன். “உங்க கவர் லிஸ்ட்ல வராததுக்கு நான்தான் காரணம். நான் எழுதினதுல தப்பு.”

அவர் சீட்டைக் கோப்புக்குள் வைத்தார். “காலையிலயே தெரியுங்களா?”

“இல்ல. ஒன்றரை மணிக்குத்தான் தெரிஞ்சது.”

“அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா அங்கேயே அழுதிருப்பேங்க,” என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போனார்.

நான் அலுவலகத்துக்குத் திரும்பினேன். அண்ணாச்சி டீ வரவழைத்து வைத்திருந்தார். நான் உட்கார்ந்து முதலில் பட்டனை முடக்கினேன். பிறகு ஒரு வினவல் எழுதினேன்: வகை ‘கை’ என்று இருந்தும் கை அட்டவணையில் மறுபாதி இல்லாத பார்சல்கள் எவை. அந்தப் பெண்ணுடையதோடு சேர்த்துப் பத்து வந்தன. வாங்குபவர் இல்லாத கைப் பார்சல்களும் பத்து. நேரத்தை வைத்து ஒன்றோடு ஒன்றைப் பொருத்தினேன்.

“ஒருத்தரும் கம்ப்ளெயிண்ட் பண்ணலியே. எல்லாம் போய்ச் சேந்திருக்கும்வே,” என்றார் அண்ணாச்சி.

பெரும்பாலும் அவர் சொன்னது சரிதான். கொண்டுவந்தவர்களே உறையில் இருந்த எண்ணுக்கு அடித்துக் கொடுத்திருந்தார்கள். அதனால்தான் இரண்டு வாரமாக என் பிழை வெளியே தெரியவில்லை. கொண்டுவந்தவர்களில் எட்டுப் பேரை அழைத்தேன். எட்டும் போய்ச் சேர்ந்திருந்தன. ஒன்பதாவது, பழுது பார்க்கப்பட்ட ஒரு காது கேட்கும் கருவி. கப்பலில் பதிவானது, கப்பல் ரத்தாகிக் கைக்கு மாறியது. கொண்டுவந்தவரை அழைத்தேன்.

“ஆமா சார், எங்க அலமாரியில இருக்கு. மழையில நம்பர் அழிஞ்சு போச்சு. யாராச்சும் தேடி வருவாங்கன்னு பாத்துட்டே இருக்கேன்.”

உடனே மறுபாதியில் இருந்த வாங்குபவரின் எண்ணுக்கு அடித்தேன். மருமகள் எடுத்தார். நான் யார் என்று சொன்னதும் அவரே முந்திக்கொண்டார். “மாமாவோட காது மிஷினுங்களா? அது கப்பல்ல வருதுன்னுதானே சொன்னாங்க. கப்பல் இன்னும் வரல போல?”

கப்பல் ரத்தானதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பட்டியலில் இல்லாதவர்களுக்கு எங்கள் குறுஞ்செய்தியும் போகாது. எத்தனை நாளாகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“பன்னெண்டு நாளாச்சு. அவசரமில்ல சார், நாங்க எழுதிக் காட்டித்தான் பேசிக்கிறோம். கப்பல் வரட்டும்.”